பிலோமியின் மூச்சு

திருவொற்றியூர் குப்பத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவில் இருபத்திரண்டு பெண்களுக்கு ஆளுக்கொரு ஊதுகுழாய் கொடுத்திருந்தாள் மகிமா. கையடக்கமான பிளாஸ்டிக் குழாய். மூச்சை நன்றாக இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் பக்கவாட்டில் உள்ள சிவப்பு முள் ஏறிப் போய் ஓர் எண்ணில் நிற்கும். எண் பெரிதானால் நுரையீரலுக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் ஊதி, எண்ணை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆறு வாரம்.

பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரத் துறையும் சமூகவியல் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. மாத்தூரிலிருந்து வரும் மகிமா விலங்கியல் படித்தவள். ஓராண்டு ஒப்பந்தத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தாள். வேலை நன்றாக வந்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். இதை ஒருநாள் வாய்தவறி அந்தப் பெண்களிடம் சொல்லியும் விட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்காது. ஆனாலும் அது தண்ணீர் லாரிக்கு நின்ற வரிசை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆறு வாரம் முடிந்து எண்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். செப்டம்பரில் மூன்று நாள், பதினோரு பெண்களின் கோடுகள் ஒரே மாதிரி கீழே இறங்கியிருந்தன. நான்காம் நாள் ஒரே மாதிரி ஏறியிருந்தன. பேராசிரியை ரெஜினாவிடம் காட்டினாள். அந்த நாட்களில் வடக்கிலிருந்து ஒரு வாடை வந்ததாகத் தெருவில் சிலர் சொன்னது அவருக்கும் நினைவிருந்தது. காற்று கெட்ட மூன்று நாளில் ஒரு தெருவின் மூச்சே குறைந்திருக்கிறது. ஏன் பதினோரு பேருக்கு மட்டும் என்பதை அடுத்த ஆய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வுச் சாதனை நாள் ஆறு வாரத்தில் வந்தது. அந்த வரைபடத்தை முதல் படமாக வைப்பதென்று முடிவாயிற்று. மேடையில் மகிமாவும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் ரெஜினா.

மறுநாள் காலை கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். லாரி இன்னும் வரவில்லை. குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. பிலோமி தன் குடத்தின்மேல் சாய்ந்துகொண்டு பக்கத்தில் யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். மீன் விற்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் கடைசி பெஞ்சு வரை போகும். மகிமா கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி, தேதிகளைச் சொல்லி, அந்த மூன்று நாளில் பதினோரு பேருக்கு மூச்சு இறங்கியிருக்கிறது என்று விளக்கினாள்.

பிலோமி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஐய, அது நான்மே. மாதா திருவிழாவுக்கு ஒம்போது நாளும் கத்திப் பாடி, அப்பால மூணு நாளு மூக்கு அடச்சிகினு கெடந்தேன். எங்க ஊதறது?"

"உங்களுக்கு ஜலதோஷம்னா மத்தவங்களுக்கு எப்படிக்கா இறங்கும்?"

பிலோமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. முதல் நாள் காலையில் எல்லாரும் வரிசையில் நின்றே ஊதினார்கள். சிலருக்கு முள் பாதிகூட ஏறவில்லை. முள் மேலே போனால் நல்லது என்று மகிமாதானே சொல்லியிருந்தாள்? முள் ஏறாவிட்டால் மகிமாவுக்கு மார்க் குறைந்து வேலை போய்விடும் என்று நினைத்தார்கள். அதனால் முள் ஏறாதவர்கள் தங்கள் குழாயைப் பிலோமியிடம் நீட்டினார்கள். தினமும் காலையில் தன் குழாயையும் சேர்த்துப் பதினோரு குழாய் ஊதியிருக்கிறாள் பிலோமி.

"தல சுத்தும்மே. ஆனா உனக்கு நல்லா வரணும்னு ஊதுனேன்," என்றாள்.

மகிமாவுக்குக் கோபம் வரவில்லை. தனக்காக ஒருத்தி ஆறு வாரம் தலைசுற்ற ஊதியிருக்கிறாள் என்பதுதான் மனதில் நின்றது. அதோடு பயமும் வந்தது. சொன்னால் வரைபடம் போகும், அந்தத் தெருவே ஆய்விலிருந்து போகும், தன் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எண்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன.

மைசூர்பாகுப் பொட்டலத்தைப் பிலோமியின் கையில் கொடுத்துவிட்டு மெட்ரோவில் ஏறினாள். சொல்ல வேண்டியதை ஒரு வாக்கியமாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் அது கலைந்துவிட்டது. ரெஜினாவின் அறையில் நின்றபோது வந்தது வேறொன்று.

"மேடம், அது காத்து இல்ல. ஒரு அக்காவோட ஜலதோஷம்."

முழுவதையும் கேட்டுவிட்டு ரெஜினா அந்த எண்களைத் திரையில் மறுபடி திறந்தார். அறுபது வயதுக்காரிக்கும் இருபத்தைந்து வயதுக்காரிக்கும் ஒரே எண் வந்ததைத் தான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும் என்றார். வரைபடத்தை அழித்தார். மகிமா வாசலைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு பேர்ல பத்துப் பேர்தான் அவங்ககிட்ட போயிருக்காங்க," என்றார் ரெஜினா. "அந்தப் பத்துப் பேர் யாரு?"

அப்போதுதான் மகிமாவுக்கு உறைத்தது. முள் ஏறாதவர்கள். அதாவது, இந்த ஆய்வு யாரைத் தேடி வந்ததோ அவர்கள்.

மறுபடியும் இரண்டு வாரம். இந்த முறை மகிமா தினமும் ஆறு மணிக்கே போய்த் தண்ணீர் வரிசையில் நின்றாள். எண் சிறியதாக இருந்தால் தனக்கு ஒன்றும் ஆகாது, சிறியதைத் தெரிந்துகொள்ளத்தான் பல்கலைக்கழகம் அனுப்பியிருக்கிறது என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னாள். அவ்வளவு பேச்சு அவள் வாழ்நாளில் பேசியதில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேர் தாங்களே ஊதினார்கள். சின்ன மளிகைக்கடை வைத்திருக்கும் ஞானபாக்கியம் மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்காவத்தான்னு சொன்னது பாதி பொய்," என்றாள் தாழ்ந்த குரலில். "எனக்கு மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா எம்மவன் கடைய மூடிடுவான்."

பிறகு ஊதினாள். முள் நூற்று அறுபதில் நின்றது, வர வேண்டியதில் பாதிதான்.

அவளையும் இன்னும் மூன்று பேரையும் மகிமா அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். நால்வருக்கும் மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர் மருந்து கொடுத்தார்கள். மகனிடம் பேசவும் மகிமாவே போனாள். கடை மூடப்படவில்லை; அரிசி மூட்டையை மட்டும் இனி அவன் தூக்குகிறான்.

சாதனை நாளன்று வேறொரு படம் போனது. கேட்டால் நோயை மறைக்கிறவர்கள் யார், எதற்காக மறைக்கிறார்கள், அளக்கப் போகிறவர்கள் எதைச் சொல்லக் கூடாது என்பது அதில் இருந்தது. இரண்டு துறைகளின் பெயரும் போட்ட கேடயம் கிடைத்தது. ஒலிவாங்கி முன்னால் மகிமாவுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று. "அந்தத் தெருவில் இருக்கிறவங்களுக்கு நன்றி," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டிக்கும் தாள் மறுவாரம் வந்தது.

தெருவில் அதைச் சொல்லப் போனபோது பிலோமி கேட்டாள்: "என் பேரச் சொன்னியா?"

பங்கேற்றவர்களின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்றாள் மகிமா.

"நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா பொய்யா ஊதுனதுக்கு ஃபாதர் பாவசங்கீர்த்தனத்துக்கு இட்டுகினு பூடுவாரு."

ஞானபாக்கியம் தன் குழாயை எடுத்து, யாரும் கேட்காமலே ஊதினாள். இருநூற்றுப் பத்து. நோட்டில் தானே எழுதிக்கொண்டாள். பிறகு மகிமாவின் பையில் உறையோடு இருந்த புதுக் குழாய் ஒன்றை எடுத்து அவளிடமே நீட்டினாள்.

"எப்பப் பாத்தாலும் எங்களையே ஊதச் சொல்றியே. நீ ஊது."

வரிசையே திரும்பிப் பார்த்தது. மகிமா கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். பிலோமி முள்ளைக் குனிந்து பார்த்தாள்.

"முன்னூத்தி எம்பது," என்றாள். "இம்மா மூச்ச உள்ள வெச்சிகினாமே இப்டி முணுமுணுன்னு பேசினுகீற?"