எர்த் ஒயரும் என் கொழுந்தனும்

என் கொழுந்தனுக்கு எதையும் சும்மா கொடுத்துப் பழக்கமில்லை. அதனால்தான், "அண்ணி, இதை உங்க வண்டிக்கு நானே மாட்டித் தர்றேன், காசு வேண்டாம்" என்று அவன் சொன்னதுமே எனக்குள் ஏதோ உறுத்தியது.

வீட்டில் எல்லோரும் அவனைக் 'கம்பெனி' என்றுதான் கூப்பிடுவோம். ஆறு மாதத்துக்கு ஒரு புது நிறுவனத்தில் சேருவான். சேர்ந்த மறுநாளே "எங்க கம்பெனில" என்று ஆரம்பித்துவிடுவான். முதுகுவலி மெத்தை விற்றான். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம் விற்றான். காந்தம் கட்டிய பிறகும் என் வண்டி குடித்த பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. இப்போது கிரவுண்டிங் கிட்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். சொந்த வண்டி, என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஒரு மாதமாக அந்த வண்டிக்கு ஏதோ சீக்கு. சிக்னலில் நின்றால் நடுங்கும். ஏசி போட்டால் முன்விளக்கு மங்கும். காலையில் கிளப்பினால் செல்ஃப் இழு இழு என்று இழுக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருப்பார்கள். வண்டியும் சேர்ந்து நடுங்கினால்? வங்கி மேலாளர் ஒருவர், "நான் எதையாவது தப்பா மிதிச்சிட்டேனா மேடம்?" என்று கேட்டு அழுதேவிட்டார்.

கம்பெனி பெட்டியைத் திறந்து காட்டினான். விரல் தடிமனில் ஐந்து நீல ஒயர்கள், முனையில் தங்க நிற வளையங்கள்.

"பேட்டரிலேருந்து போற கரண்டு திரும்பி வரணுமில்ல அண்ணி? அதுக்கு உங்க வண்டில இருக்கிற எர்த் ஒயர் நோஞ்சான். இது அஞ்சு ஒயர். இழுவை கூடும், மைலேஜ் கூடும், லைட்டு பளிச்சுனு எரியும். பாட்டுகூட..."

"பாட்டுக்கு என்ன?"

"தெளிவா கேக்கும்."

மாட்டுவதற்கு முன்னால் வண்டி நடுங்குவதை போனில் வீடியோ படம் எடுத்தான். முக்கால் மணி நேரத்தில் ஒயர்களைப் பூட்டிவிட்டு மறுபடியும் எடுத்தான். செல்ஃப் ஒரே தட்டில் பிடித்தது. நடுக்கம் இல்லை. ஏசி போட்டேன்; விளக்கு அசையவே இல்லை.

அவன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இத்தனை வருடத்தில் அவன் விற்ற ஒரு பொருளாவது சொன்னபடி வேலை செய்ததுண்டா? இது மட்டும் எப்படி? போன மாதம் தன் கார் பழுது என்று அவன் இரண்டு நாள் என் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனான். நடுக்கம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதானே? படம் வேறு எடுத்திருக்கிறான், முன்னே ஒன்று, பின்னே ஒன்று. வியாபாரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? பாடம் நடத்தும்போதும் இதே நினைப்பு. வளைவில் ஒரு மாணவர் கல்லில் ஏற்றும்வரை நான் பிரேக்கைத் தொடவில்லை.

மறுநாள் நேராக வண்டி எலக்ட்ரீசியனிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முதலில் ஐந்து நீல ஒயரையும் கழற்றி வைத்தார். மீட்டரின் ஒரு முனையை என்ஜினிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்தார்.

"எல்லா லைட்டையும் போட்டு செல்ஃப் அடிங்க டீச்சர். எர்த் நல்லா இருந்தா நம்பர் பூஜ்யத்துக்குப் பக்கத்துல நிக்கணும்."

அடித்தேன். பாயின்ட் எட்டு காட்டியது; அதுவே ரொம்ப அதிகமாம்.

அவர் பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தார், அடித்தட்டையும் கழற்றினார். வண்டியில் முதலிலிருந்தே இருந்த எர்த் ஒயர் பாடியில் வந்து சேரும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட்டைத் தளர்த்தி வளையத்தை விலக்கியதும் கீழே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்.

"வெறும் இரும்புல ஒட்டி நிக்கணும். இங்க பெயிண்ட் மேல உக்காந்திருக்கு. கரண்டு எப்படிப் போகும்? இது தானா வந்தது இல்ல டீச்சர். யாரோ பெயிண்ட் அடிச்சு, அது மேலயே மாட்டியிருக்காங்க."

யாரோ என்ன, கம்பெனிதான் என்று முடிவு கட்டினேன்.

அவர் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். இப்போது மீட்டரில் பாயின்ட் பூஜ்யம் நாலு. பிறகு நான் கேட்டேன் என்பதற்காக நீல ஒயர்களையும் மாட்டிப் பார்த்தார். நாலு, மூன்றானது.

"வித்தியாசம் இருக்கே?"

"மீட்டருக்குத் தெரியுது. உங்களுக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. பழைய ஒயர் கெட்டிருந்தா இது காப்பாத்தும். நல்லா இருந்தா சும்மா அழகுக்குத்தான்."

கிட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க தம்பிதான். பெயிண்ட் அடிச்சுக் கெடுத்துட்டு, அப்புறம் வந்து சரி பண்ற மாதிரி நடிச்சிருக்கான்."

"ம்" என்றார். ஒரே சட்டையை மறுபடியும் தேய்த்தார்.

அடுத்த இரண்டு நாளும் நான் புலம்பியபோதெல்லாம் அதே "ம்". தம்பியைக் குற்றம் சொல்வது வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பையை அவன் முன்னால் வைத்தேன்.

"வண்டியைக் கெடுத்தது நீதானே?"

"என்ன அண்ணி?"

"எர்த் ஒயருக்கு அடியில பெயிண்ட். நீ வண்டியை எடுத்துட்டுப் போனப்ப அடிச்சது. படத்துக்காக."

எப்போதும் பதில் தயாராக வைத்திருக்கிறவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணி, நான் வாயால ஊதுவேன். அது உண்மை. ஆனா உங்க வண்டில கை வைப்பேனா? அதுல நாலு பேர் உக்காந்து கத்துக்குறாங்க."

நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பெயிண்ட் நான் அடிச்சது."

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். போன மாதம் பேட்டரித் தட்டைத் துடைக்கும்போது அடியில் துரு தெரிந்ததாம். வாசல் கேட்டுக்கு அடித்த பெயிண்ட் மிச்சமிருந்ததாம். எனக்குச் சொல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று ஒயரைக் கழற்றி, அடித்து, காய்ந்ததும் மாட்டினாராம்.

"நடுங்கினப்ப எனக்குத் தெரியாது. நீ வந்து சொன்னப்பதான் புரிஞ்சுது."

"புரிஞ்சு ரெண்டு நாளாச்சு."

"உன் கோபத்தைப் பாத்து வாய் வரல."

பெயிண்ட் அடித்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தம்பி மேல் பழி விழுவதைக் கேட்டுக்கொண்டே சட்டை தேய்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. கம்பெனியிடம் மட்டும், "என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ கிட்டு வேஸ்ட்டா அண்ணி?" என்று கேட்டான்.

"எர்த் கெட்ட வண்டிக்கு மருந்து. நல்ல வண்டிக்கு வேண்டாத வேலை."

அவன் நம்பவில்லை. அடுத்த வாரமே தன் காரை அதே எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோனான், நானும் போனேன். கிட் இல்லாமல் பாயின்ட் பூஜ்யம் அஞ்சு, மாட்டியதும் நாலு. இரண்டு தரம் அளக்கச் சொன்னான். மூன்றாவது தரம் மீட்டரையே சந்தேகப்பட்டான். கடைசியில் போனை எடுத்து, என் வண்டியின் இரண்டு படங்களையும் என் கண் முன்னாலேயே அழித்தான்.

கிட்டைக் கழற்றட்டுமா என்று எலக்ட்ரீசியன் கேட்டார்.

"இருக்கட்டும்ண்ணே" என்று பானட்டை மூடினான். "நீலம் நல்லாத்தானே இருக்கு."