வீடு காட்டிய கேமரா

அடி அண்ணாமலைக்கு மேற்கே, புளியமர வளைவில் நிற்கும் வேகக் கேமரா ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து வண்டிகளைப் படம் எடுப்பதை விட்டுவிட்டது. வேகமாகப் போகிறவரின் வீடு அந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அதைப் படம் எடுத்து, அபராதச் செய்தியோடு அவர் போனுக்கே அனுப்பத் தொடங்கியது. காரணம் ஊருக்கே தெரியும். வளைவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அப்பாசாமி, பூஜையன்று காற்றடிக்கும் மெஷின், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தார். இதுவும் மெஷின்தானே, இதை மட்டும் விட்டால் கோவிச்சுக்காதா என்று ஏணி போட்டு ஏறினார். கேமராவுக்கு நெற்றி எங்கே என்று தேடினார், கிடைக்கவில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியிலேயே அப்பிவிட்டு, ஒரு சாமந்தி மாலையும் போட்டுவிட்டு இறங்கினார்.

அந்தக் கேமராவை அங்கே கொண்டுவந்தவள் பக்கத்து டிபன் கடைத் தனம். கடைக்குப் பின்னால்தான் அவள் வீடும். ஒரே மகன் பிரசாத் பால் வேன் ஓட்டுகிறான். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே வளைவில் வேனைக் கவிழ்த்து, காலில் கம்பி வைத்துக்கொண்டு வந்தான். கம்பி வைத்த காலாலேயே ஆக்சிலேட்டரை முன்னைவிட ஜாஸ்தியாக மிதித்தான். தனம் பதினோரு திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். பன்னிரண்டாவது திங்கள் கம்பம் நட ஆள் வந்துவிட்டது.

கேமரா வந்து ஒரு வருஷம் கழித்து, சாலைப் பாதுகாப்பு என்ஜினியர் சுரேஷ்குமார் கணக்கெடுக்க வந்தார். முந்தின வருஷம் பதினான்கு விபத்து, இந்த வருஷம் பதிமூன்று. முன்பு எல்லாம் வளைவில் நடந்தன, இப்போது ஒரு கிலோமீட்டர் தள்ளி கல்வெர்ட்டுச் சிறுபாலத்தில் நடக்கின்றன. "கேமராவைப் பார்த்தா பிரேக்கு, தாண்டுனா பறக்குறாங்க. விபத்து எடம் மாறியிருக்கு, அவ்ளோதாம்மா. பொங்கலுக்கு அப்புறம் இதைக் கழட்டி பைபாஸ்ல மாட்டிடுவோம்" என்றார். தனம் அவருக்கு வைத்த வடையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பிரசாத்தே அப்படித்தான். கேமரா முன்னால் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி, நாற்பதைத் தாண்டாமல் முப்பத்தொன்பதில் போவான், அடுத்த நிமிஷம் கல்வெர்ட்டுப் பக்கம் புழுதிதான் தெரியும்.

இந்த நிலையில்தான் அப்பாசாமி அதற்குப் பொட்டு வைத்தார். முதல் படம் நெல் லாரி ஓட்டும் சகாதேவனுக்கு வந்தது. அவர் மனைவி உண்ணாமலை கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மட்டன் பிரியாணி தின்றுகொண்டிருந்தாள். அவர் லாரியை நடுரோட்டிலேயே நிறுத்திப் போன் போட்டார். "எனக்கு மட்டும் ரசமா? லெக் பீசு எலும்பு கூடத் தெரியுதுடி!" அவளும் விடவில்லை. "எலும்பு தெரியுதுன்னா நீ எவ்ளோ வேகத்துல போற? அதச் சொல்லு மொதல்ல." இன்னொருவருக்கு அவர் அம்மாவும் மனைவியும் தோளில் தட்டிக்கொண்டு சிரிக்கிற படம் வந்தது. அவர் அதைப் போலி என்று சொல்லி எழுத்துமூலம் ஆட்சேபணை தெரிவித்தார்.

சேதி பரவியதும் ஊர் வேகத்துக்கு அலைந்தது. ஊனமுற்றோர் மூன்று சக்கர வண்டி வைத்திருந்தவர்கூட இறக்கத்தில் தள்ளிவிடச் சொன்னார். ஒரே வாரத்தில் மூன்று பேர் கையை உடைத்துக்கொண்டு, கட்டோடு வந்து தனத்தின் கடையில் இட்லி தின்றார்கள். நான்காவது ஆள் வந்த அன்று தனம் தோசைக் கரண்டியோடு கம்பத்தடியில் போய் நின்றாள்.

"ஏம்பா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதா? தறிகெட்டு ஓடுறவனுக்கு ஊட்டைக் காட்டுறியே, மெதுவாப் போறவன் இன்னா பாவம் பண்ணான்? இதுக்கா உன்னை மனு போட்டுக் கூட்டியாந்தேன்?"

கேமராவின் சிவப்பு விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. மறுநாளிலிருந்து வேகமாகப் போனவர்களுக்கு நம்பர் பிளேட்டும் அபராதமும் மட்டும் வந்தன. நாற்பதுக்குக் கீழே போனவர்களுக்கு வீடு வந்தது. முப்பதில் போனால் வீட்டுச் சத்தமும் கேட்டது. இருபதில் போனால் குழம்பு வாசனை வண்டிக்குள் வந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினால்தான் படம் திறக்கும். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி வாடகை ஸ்கூட்டரில் பன்னிரண்டில் போனாள். அவள் வீட்டுக் கூரையெல்லாம் பனி. போனைத் தொட்டுப் பார்த்த அப்பாசாமி, ஜில்லென்று இருந்ததாகச் சொன்னார்.

கல்வெர்ட்டிலும் சத்தம் அடங்கியது. சகாதேவன் அதற்கு விளக்கம் சொன்னார்: "ஊட்டுக்குப் போகணும்னுதான் பறந்தோம். ஊட்டைத்தான் இங்கயே பார்த்துட்டோமே, இனிமே இன்னா அவசரம்?"

பிரசாத் மட்டும் அடங்கவில்லை. அவன் வீடு கேமராவுக்கு அடியிலேயே இருந்ததால், பார்க்க ஒன்றுமில்லை என்று படத்தைத் திறக்காமலே இருந்தான். ஒருநாள் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கும்போது பொழுது போகாமல் திறந்தான். தனம் கரண்டியோடு ரோட்டோரத்தில் நின்று வேன் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் படத்திலும் அங்கேயே நின்றாள். அதற்கு முந்தின நாளும். மீட்டரில் முப்பத்தொன்பதையே பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஓரத்தில் நிற்பவள் கண்ணில் பட்டதே இல்லை.

"எங்கம்மா டெய்லி ரோட்டுல இன்னாண்ணா பண்ணுது?" என்று அப்பாசாமியைக் கேட்டான்.

"உன் வேன் சத்தம் கல்வெர்ட்டைத் தாண்டுற வரைக்கும் நிக்கும். நாலு வருசமா அப்படித்தான். அதுக்குள்ள கல்லுல தோசை கருகிப் போவும். நாங்க கம்முனு தின்னுடுவோம்."

கருகல்தான் அம்மாவின் கைப்பக்குவம் என்று நினைத்திருந்த பிரசாத், மறுநாள் கல்வெர்ட்டை முப்பதில் தாண்டினான். அதற்கடுத்த நாளும் முப்பதுதான். தனம் நம்பவில்லை. வேனில் ஏதோ கோளாறு என்று அப்பாசாமியிடம் என்ஜினைத் திறந்து பார்க்கச் சொன்னாள்.

பொங்கல் கழிந்து சுரேஷ்குமார் கேமராவைக் கழற்ற ஏணியோடு வந்தார். ஆயுத பூஜைக்கு முன்னிருந்த கணக்கையும் அதற்குப் பிந்தின கணக்கையும் எடுத்துப் பார்த்தார். கை ஒடிந்த அந்த வாரத்துக்குப் பிறகு வளைவில் ஒன்றுமில்லை, கல்வெர்ட்டில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் காய்ந்த சந்தனத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், யோசித்து, அதைக்கொண்டு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'கருவி பழுது. விபத்து இல்லை. பழுது நீக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை வடை தட்டிலேயே இருந்தது. அந்த ரோட்டை நம்பியிருக்கிற வீடுகளில் இப்போது சாயங்காலம் ஆனால் தலைவாரிப் பூ வைத்துக்கொள்கிறார்கள். உண்ணாமலை பிரியாணியைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தின்கிறாள்.

பிரசாத்துக்குத் தினம் ஒரு படம் வந்தது. தை மாதம் தனம் ரோட்டிலிருந்து ஓரடி பின்னால் நின்றாள். மாசியில் கடை நிழலுக்குள் போனாள். பங்குனியில் ஒருநாள் அவன் கல்வெர்ட்டைத் தாண்டி, வேனை ஓரங்கட்டிப் படத்தைத் திறந்தான். தனம் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்பாசாமி சொன்ன எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மகன் போனதை அவள் கவனிக்கவே இல்லை.