பூச்சி என்றான் பூபாலன்

என் புருஷன் ஸ்டான்லியைப் பாம்பாட்டி என்று சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேனில் 'பாம்பு மீட்பர்' என்று எழுதி வைத்திருக்கிறான். கட்டின புருஷனை 'அவர்' என்று சொல்ல வேண்டும், எனக்கும் தெரியும். இப்போதெல்லாம் அந்த 'அவர்' என் வாயில் வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மீட்பது என்றால் என்ன? வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால், போய்ப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தான். கொக்கி வைத்திருந்தான், பை வைத்திருந்தான். ஒருநாள் கொக்கி இல்லாமல் வெறுங்கையால் பிடித்ததை எவனோ வீடியோ எடுத்துப் போட்டான். ஊரே பார்த்தது. அதோடு கொக்கி பரணுக்குப் போனது.

"கொக்கி வெச்சிப் புடிச்சா எவன் பாப்பான்?" என்றான்.

ஈசிஆர் ரிசார்ட்டுகளிலிருந்தும் சிறுசேரி கம்பெனிகளிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஷோ என்று சொன்னால் ஃபாரஸ்ட்காரர்கள் வந்துவிடுவார்கள் என்று 'விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்று பெயர் வைத்தான். அந்த விழிப்புணர்வுக்காக ஒரு நல்ல பாம்பு எங்கள் வீட்டுக் குளியலறையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வாரக்கணக்கில் கிடந்தது. சரியாகத் தின்னாமல் தோல் தொளதொளத்துப் போயிருந்தது. "பாவம்யா, கொண்டுபோய் வுட்டுடு" என்றால், "அடுத்த ஷோ முடியட்டும்" என்பான். குளிக்கப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு திருத்தமும் செய்தான். எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டோம், பூச்சி என்போம். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். கடிபட்டவன் அதன் பெயரைச் சொன்னால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று அதைவிடப் பெரிய பயம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனாலும் இது மட்டும் எங்களை விடவில்லை. ஸ்டான்லிக்கு இது அறவே ஆகாது.

"இன்னொரு தபா பூச்சின்னு சொன்ன, பாரு. பாம்புன்னா பாம்பு. பூச்சின்னா கரப்பான்பூச்சி" என்று சொல்லிச் சொல்லியே என்னை மாற்றிவிட்டான். எங்கள் வீட்டில் பூச்சி என்றால் பூச்சிதான் என்று ஆகிவிட்டது.

பூபாலன் என் தம்பி. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்த்தான். மச்சான் மேல் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். அவன் போனைத் திறந்தால் ஸ்டான்லி கழுத்தில் பாம்போடு சிரிப்பான். "கல்யாண போட்டோ வெச்சா இன்னா, கண்ணு அவிஞ்சிடுமா?" என்று அவன் பெண்டாட்டி ரூத் சண்டை போடுவாள். லீவு கிடைத்தால் ஷோவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவான். ஸ்டான்லி அவனைக் காட்டித்தான் ஜோக் அடிப்பான். "கட்டுவிரியன் ராத்திரில எமன். பகல்ல? தூங்குமூஞ்சி, தோ ஒக்காந்துகினு கீறானே, எம்மச்சான் மாதிரி." கூட்டம் சிரிக்கும். எல்லாரையும்விடப் பூபாலன்தான் அதிகம் சிரிப்பான்.

அன்று காலை சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஸ்டான்லி வேன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீடியோ எடுப்பது என் வேலை. பூபாலன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், கைல பூச்சி கடிச்சிட்ச்சி."

"இன்னா பூச்சிடா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு சொன்னான்: "அதான் மச்சான்... பூச்சி."

"வலிக்கிதா?"

"வலியே இல்ல. கொசு கடிச்சாப்ல கீது. நீ எப்போ வருவ? உனக்கு ஒன்னு வெச்சிருக்கேன், நேர்ல காட்டறேன்."

ஸ்டான்லி சிரித்துவிட்டான். "வலியே இல்லாததுக்குப் போன் பண்றான் பாரு. சுண்ணாம்பு தடவிகினு படுடா. ஷோ முடிச்சிட்டு வரேன்."

"சரி மச்சான். எக்கா, வெச்சிடறேன்."

குரல் ஒருமாதிரி இருந்தது. "இன்னாய்யா இவன் இப்டி பேசறான்?" என்றேன். "தூங்குமூஞ்சி, வேற எப்டி பேசுவான்?" என்று ஸ்டான்லி கியரை மாற்றினான். எனக்கும் உரைக்கவில்லை. அந்த வார்த்தையைத்தான் என் காதிலிருந்து பிடுங்கிவிட்டானே, பாவி.

கம்பெனி முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பிரதீபா என்கிற அதிகாரி அம்மா பூச்செண்டு கொடுத்தார். ஸ்டான்லி காதில் மைக்கை மாட்டிக்கொண்டு நல்ல பாம்பை எடுத்தான். ஒரு கையில் வால், இன்னொரு கை படத்துக்குப் பின்னால். ஆள் ஆளுக்குப் போனைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

"எங்க ஊர்ல இதுக்கு இன்னா பேரு தெரிமா?" என்று ஆரம்பித்தான். ஷோவுக்கு ஷோ சொல்கிற பேச்சுதான், எனக்கு மனப்பாடம். "பூச்சி! சிரிக்காதீங்க சார். பேரு சொன்னா வந்துருமாம். அவ்ளோ ஏன், கடிச்சாக்கூட வாயத் தொறந்து பாம்புன்னு சொல்ல மாட்டான். பூச்சி கடிச்சிட்ச்சின்னுதான்..."

அங்கேயே நின்றுவிட்டான்.

போன் திரையில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது. வாய் திறந்தபடி இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கூட்டம் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது.

"மார்கரெட்டு, போன் போடு" என்றான். மைக் அதையும் முற்றம் முழுக்கச் சொன்னது. மறுபடி சிரித்தார்கள்.

போட்டேன். ரூத்துதான் எடுத்தாள். "அண்ணி, இப்பத்தான் வேலைலர்ந்து வந்தாரு. வயிறு வலிக்கிதுன்னாரு, படுத்தாரு. கண்ணத் தொறன்னா தொறக்க முடிலங்கறாரு. இமை ரெண்டும் தொங்கிகினு கீது. பேச்சு கொளறுது அண்ணி."

"பாம்புடி! பாம்பு கடிச்சிருக்குது! நூத்தியெட்டுக்குப் போடு, செங்கல்பட்டுக்குத் தூக்கினு போ!" என்று கத்தினேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டான்லியால் ஓடி வர முடியவில்லை. கையில் இருப்பதைக் கீழே போட முடியுமா? வெயிலில் வெறி பிடித்துப்போயிருந்த அந்தப் பாம்பு டப்பாவுக்குள் போகமாட்டேன் என்று சீறியது. கொக்கி இருந்தால் ஒரு நொடி வேலை. அது வீட்டுப் பரணில் தூசி தின்றுகொண்டிருந்தது. டப்பா வாயை இரண்டு தடவை தவறவிட்டான். "சார், கட்டுவிரியன் காட்ட மாட்டீங்களா?" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூபாலன் வாயில் குழாய் இருந்தது. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். "கண்ணுதாம்மா தொறக்கல. காது கேக்கும், பேசுங்க" என்றாள் நர்சு. நான் பேசினேன். எழுந்திருடா, சண்டை போடலாம் வாடா என்றேன். ஸ்டான்லி அவன் காதருகே குனிந்து, "பாம்புன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?" என்று கேட்டான். செத்துக்கொண்டிருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் ரூத் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். ரிசார்ட்டின் மோட்டார் ரூமில் இருந்ததாம். உள்ளே கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. மூடியில் அது மூச்சுவிடப் பூபாலன் பார்த்துப் பார்த்து ஓட்டை போட்டிருந்தான்.

"மச்சான்கிட்ட கட்டுவிரியன் இல்ல, நான் புடிச்சிக் குடுக்கறேன்னு சொல்லிகினே இருந்தாரு" என்றாள். அவள் அழவில்லை. ஸ்டான்லிதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இனிமேல் பாம்பைக் கையால் தொடமாட்டேன் என்று கல்லறை மண்ணை எடுத்துச் சத்தியம் செய்தான். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

சிறுசேரியில் அவன் பேச்சு நின்றுபோன அந்த வீடியோவை எவனோ போட்டுவிட்டான். பாம்போடு கண்ணோடு கண் பார்த்து அடக்குகிறான் என்று எழுதியிருந்தார்கள். 'இன்னா தில்லு தல' என்று கீழே நெருப்புப் படம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான்கு பக்கமிருந்தும் அழைப்பு வந்தது. சத்தியம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? "பூபாலன் சாவு வீணாப் போவக் கூடாது மார்கரெட்டு. ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லணும்" என்றான். பரணிலிருந்து கொக்கியை இறக்கி வேனில் வைத்தேன். அவன் அதை எடுத்து வாசலில் சாய்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். எதை எடுத்துச் சொல்கிறான் பார்க்கிறேன் என்று நானும் ஏறினேன்.

கடற்கரை ஓரம் ஒரு ரிசார்ட்டில் நிகழ்ச்சி. மச்சான் கதையைச் சொன்னான். பூச்சி என்றானே, எனக்குப் புரியவில்லையே என்று குரல் உடையச் சொன்னான். அந்த அழுகை பொய்யில்லை, அதுதான் என்னை எரிக்கிறது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "யாரும் வெறுங்கையால தொடாதீங்க" என்றான். அப்புறம் குனிந்து, ஓட்டை போட்ட மூடியைத் திறந்தான். "இதான். எம்மச்சானக் கொன்னது இதான்" என்று கட்டுவிரியனை வெறுங்கையில் தூக்கிக் காட்டினான். பகல் வெளிச்சத்தில் அது தூங்குமூஞ்சியாகத் தொங்கியது. கைதட்டல் அடங்கவே இல்லை.

முடிந்ததும் அந்த ரிசார்ட் வாட்ச்மேன் வந்தான். பூபாலன் வயதுதான் இருக்கும். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாத்த, உன் வீடியோ ஒன்னு வுடல, அத்தினியும் பாத்துட்டேன். போன வாரம் பின்னால ஷெட்ல ஒன்னு வந்துச்சி. உன்ன மாதிரியே வெறுங்கையால புடிச்சேன்."

"இன்னா பாம்பு?" என்றான் ஸ்டான்லி.

"தெர்ல, அண்ணாத்த. ஏதோ பூச்சி."

ஸ்டான்லியைப் பார்த்தேன். இப்போதாவது அவனைத் திட்டு, ஓங்கி ஓர் அறை விடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஸ்டான்லியின் முகம் ஒரு கணம் செத்துப் போனது. சுற்றிலும் போன்கள் உயர்ந்தபடியே இருந்தன. அவன் வாட்ச்மேன் தோளில் கையைப் போட்டுச் சிரித்தான்.

வாட்ச்மேன் தன் போனை என்னிடம் நீட்டினான். "எக்கா, ஒரு போட்டோ."

எடுத்துக் கொடுத்தேன்.