நடு வரிசையில் பன்னிரண்டு ஜாக்கி

மாரி சுத்தியலால் ஜாக்கியைத் தட்டினான். கடகட என்றது.

நின்றான். மறுபடி தட்டினான். மறுபடியும் அதே கடகட.

முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

அவன் தலைக்கு மேலே, பதினாலடி உயரத்தில், காங்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தது. பட்டிப்புலம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எழும்பும் புது ரிசார்ட்டின் போர்டிகோ. முப்பதடிக்கு இருபத்தைந்தடி. தகடு பரப்பி, கம்பி கட்டி, அதன்மேல் ஈரக் காங்கிரீட். அது இறுகிக் கல்லாகிற வரைக்கும் மொத்தப் பாரத்தையும் தாங்கி நிற்கப் போவது ஜாக்கிகள்தான். ஒரு இரும்புக் குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயை வேண்டிய உயரத்துக்கு இழுத்து, ஓட்டையில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பின்னைச் செருகி, காலர் என்கிற மறை வளையத்தைத் திருகினால் உள்குழாய் மேலே போய்த் தகட்டை முட்டிக்கொள்ளும்.

காங்கிரீட் போடுகிற நாளில் எல்லோரும் மேலே இருப்பார்கள். சென்ட்ரிங் மேஸ்திரி மட்டும் கீழே. குழாய்க் காட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பான். தட்டுவான், கேட்பான், தளர்ந்ததை இறுக்குவான். இருபது வருஷமாக மாரிக்கு இதுதான் பிழைப்பு. பாரம் ஏறிய ஜாக்கி ணங்கென்று ஒரே குரலில் பேசும். பாரம் ஏறாததுதான் கடகடக்கும்.

இந்த ஜாக்கிக்கு நேர் மேலே காங்கிரீட் விழுந்து ஐந்து நிமிஷம் ஆகிறது. இது கடகடக்கக் கூடாது.

மேலே ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி சரோஜா. அவன் பெண்டாட்டி.

ஒரு சிமெண்ட் கல்லை இழுத்துப் போட்டு ஏறி நின்று பின்னைப் பார்த்தான். சிவப்பாக இருந்தது. இந்த சைட்டில் எல்லாப் பின்னும் சிவப்புத்தான். எங்காவது ஓட்டை வெறுமனே இருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்று இன்ஜினியர் ஷீலா ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தாள். நேற்று சாயந்தரம் மாரி தரையில் நின்றபடியே வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனான். எல்லாம் சிவப்பு. திருப்தியாகப் பீடி பற்றவைத்தான்.

இப்போது விரலால் தொட்டான். அது பின் இல்லை. எட்டு எம்எம் கம்பியை வெட்டி, தலையைக் கொக்கியாக வளைத்து, சிவப்புப் பூசியது. பென்சில் தடிமன். பாரம் தாங்காமல் நடுவில் வில்லாக வளைந்திருந்தது. கம்பி வளைந்ததால் உள்குழாய் அரை அங்குலம் இறங்கி, தன் பாரத்தைப் பக்கத்து ஜாக்கியின்மேல் தள்ளிவிட்டு நிம்மதியாகக் கடகடக்கிறது.

பக்கத்து ஜாக்கிக்குப் போனான். அதுவும் கம்பிதான். அதற்கடுத்ததும். நடு வரிசை முழுக்கப் பன்னிரண்டு.

லாரிக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த தேவேந்திரனைக் கை அசைத்துக் கூப்பிட்டான். சரோஜாவின் தம்பி. இரண்டு வருஷமாக மாரியிடம்தான் வேலை. உள்ளே வந்தவன், மாரி காட்டிய இடத்தைப் பார்த்தான். மாரி எதுவும் கேட்கும் முன்பே அவன் முகம் சொல்லிவிட்டது.

நேற்று மத்தியானம் ஒரு டஜன் பின் குறைந்ததாம். வாடகைக் கடைக்காரன் காலையில் தருகிறேன் என்றானாம். ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, பின் இல்லை என்றால் மாமா திட்டுவார் என்று பயந்து, கிடந்த கம்பியை வெட்டிச் சொருகினானாம். மேடம் கண்ணில் படாமலிருக்க மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவில் முக்கி எடுத்தானாம். ஒரு நாள்தானே, தாங்கும் என்று நினைத்தானாம்.

"நீதானே மாமா செஞ்சு காட்டின?" என்றான் தேவேந்திரன். குரல் உடைந்தது. "செங்கல்பட்டுல, அந்த சந்து வூட்டுல."

உண்மைதான். ஒரு குளியலறைக் கூரை. எட்டடி உயரம், இரண்டே ஜாக்கி. பின் தொலைந்துபோனது. மாரி கம்பியை வளைத்துச் சொருகிவிட்டு, பார்த்துக்கோ மச்சான், இதுதான் தொழில் என்று சிரித்திருந்தான்.

மேலே யாரோ நடந்தார்கள். தகட்டு இடுக்கிலிருந்து சிமெண்ட் பால் ஒரு சொட்டு மாரியின் மூக்கில் விழுந்தது.

"அக்கா மேல கீது மாமா."

"தெரியும். கத்தாத."

கத்தினால் முடிந்தது கதை. காங்கிரீட்டைக் கடல் பக்கத்து ஓரத்திலிருந்து ஆரம்பித்துக் கட்டடத்தை நோக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நடு வரிசைவரை போட்டாகிவிட்டது, ஆனால் குவிந்ததைச் சமன்செய்ய ஏழு பேரும் இன்னும் கடல் ஓரத்தில்தான் இருந்தார்கள். மேலேயிருந்து வெளியேற ஒரே வழி, கட்டடக் கோடியிலிருக்கும் முதல் மாடி வாசல். நடு வரிசையைத் தாண்டாமல் அங்கே வர முடியாது. ஏணி சாத்தலாமென்றால் மூன்று பக்கமும் காங்கிரீட் வழியாமலிருக்க அடித்த பலகைதான் ஓரம். அதன்மேல் ஏணியின் பாரமும் ஆளின் பாரமும் ஏறினால் தளம் சரிய அதுவே போதும். பயந்த ஏழு பேர் ஒரே ஓட்டமாக நடு வரிசைமேல் ஓடிவந்தால்?

மாரி மூன்று விஷயம் சொன்னான். ஓடாதே, நடந்து போ. பம்ப் ஓட்டுகிற ஸ்டான்லியிடம் நிறுத்தச் சொல், ஆனால் தளத்துக்கு மேலே நீண்டிருக்கும் பம்பின் குழாய்க் கையை ஒரு அங்குலம்கூட அசைக்க வேண்டாமென்று சொல். அப்புறம் மாடி வாசலில் நிற்கிற ஷீலா மேடம் காதில் மட்டும் விஷயத்தைப் போடு. ஆட்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட வேண்டும்.

"டீ வந்துச்சுன்னு சொல்லட்டா?"

"டீன்னா ஏழும் ஒண்ணா குதிக்கும்டா."

தேவேந்திரன் போனான். அவன் நடக்க முயன்ற விதத்தைப் பார்த்தாலே எதிரில் வருகிறவனுக்குப் பயம் வந்துவிடும்.

சுவரோரம் மூன்று ஜாக்கி உபரியாகச் சாத்தியிருந்தது. மூன்றிலும் நிஜப் பின். மாரி முதலாவதைத் தூக்கி வந்து, அதிகமாக வளைந்திருந்த கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். காலர் திரும்பவில்லை. கடல்காற்று மறை முழுக்கத் துருவை ஏற்றியிருந்தது. சுத்தியலால் அடித்தால் அதிரும். அடிக்க முடியாது. கம்பித் துண்டைக் காலரில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் மொத்த எடையையும் போட்டுத் திருப்பினான். கால் சுற்று. இன்னொரு கால் சுற்று.

பம்ப் நின்றது. திடீரென்று கடல் சத்தம் கேட்டது.

ஷீலாவின் குரல் மேலே வந்தது. பொத்தேரி காலேஜில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது அவளுக்கு. குரல் நடுங்கப் போகிறது என்று மாரி கண்ணை மூடிக்கொண்டான். நடுங்கவில்லை. ஆபீசிலிருந்து போன் வந்ததாம், காலையில் எடுத்த அட்டெண்டன்ஸ் போட்டோ எதுவும் பதிவாகவில்லையாம், பேர் கூப்பிடக் கூப்பிட ஒருத்தர் ஒருத்தராக வாசலுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டுமாம். கூட்டமாக வந்தால் மிஷின் எடுக்காது, அரை நாள் சம்பளம் போய்விடும்.

மாரி மனசுக்குள் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டான். இந்த சைட்டில் எல்லோரும் வெறுக்கிற ஒரே விஷயம் அந்த போட்டோதான். அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

"ஜெரோம்."

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. மாரியின் தலைக்கு மேலே தகடு கிர்ரென்றது. வளைந்த கம்பி இன்னும் கொஞ்சம் வளைந்ததை அவன் கண்ணால் பார்த்தான். சத்தம் தாண்டிப் போனது.

"கருப்பன்."

கருப்பன் தலை சீவிக்கொண்டு வரட்டுமா, பொண்ணு வீட்டுக்கு அனுப்பற போட்டோவா என்று கேட்டான். யாரோ சிரித்தார்கள். கிர்ர். தாண்டியாயிற்று.

ராஜம். இன்னும் இரண்டு பேர். ஆறாவதாக, காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒரு கொத்தனார்.  இதற்குள் இரண்டு ஜாக்கியை இறுக்கியிருந்தான். மூன்றாவது பாதியில் நின்றது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் காலரில் ஒட்டியது.

"சரோஜா."

காலடி கேட்கவில்லை.

"சரோஜாக்கா, வாங்க."

"இரு மேடம்," என்றாள் சரோஜா. கொட்டின காங்கிரீட் அப்படியே குவிந்து கிடக்கிறதாம், வைப்ரேட்டர் ஓட்டாமல் விட்டால் அடியில் ஓட்டை ஓட்டையாக நிற்குமாம், நாளைக்கு அவள் புருஷனைத்தான் கேட்பார்களாம். ரெண்டே நிமிஷம்.

வைப்ரேட்டர். ஓடினால் தளம் முழுக்கக் கிடுகிடுவென்று ஆடும். அவள் குனிந்து மோட்டாரை இழுக்கிற சத்தம் கேட்டது.

மாரி வாயை இடுக்குக்கு நேராக வைத்தான். "சரோ. அத்த வச்சிட்டு நட."

"இன்னாய்யா, கீழ கீற நீ மேல கீறவளுக்கு வேல சொல்றியா?"

"கெஞ்சிக் கேக்கறேன் சரோ."

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவன் அவளிடம் கெஞ்சியதே கிடையாது.  மோட்டாரை மெதுவாகக் கீழே வைக்கிற ஒலி.

"எது?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"நடு வரிச. பின்னு இல்ல. மெதுவா தாண்டி வந்துடு."

"நீ எங்க நிக்கிற?"

அவன் காலரைப் பிடித்துத் திருகினான். கீழேயிருந்து இரும்பு கிறீச்சிட்டது.

"அடியிலயா? நான் மெதிச்சா உன் தலமேலதானே வுழும். மொதல்ல நீ வெளிய போ. அப்பதான் நான் கால எடுப்பேன்."

"இன்னும் ரெண்டு திருகு கீது."

"திருகு. நிக்கறேன்."

நின்றாள். எந்த நேரமும் காலடியில் பிளக்கக்கூடிய தளத்தின்மேல், ஈரக் காங்கிரீட்டில் கணுக்கால் புதைய, அவள் நின்றுகொண்டிருப்பதை மாரியால் பார்க்க முடியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு திருகு. தோள்பட்டையில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. இன்னொரு திருகு. மூன்றாவது ஜாக்கி தகட்டை முட்டியது. பன்னிரண்டுக்கு மூன்று. இதற்குமேல் அவனால் ஆகாது.

வெளியே ஓடினான். அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, வெயிலில் போய் நின்றான். அவள் மேலேயிருந்து ஒரு தரம் அவனைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு திரும்பினாள்.

ஒரு அடி. இரண்டாவது. மூன்றாவது. நடு வரிசையைத் தாண்டி, வாசலுக்கு இன்னும் இரண்டே அடி.

டிங் என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. பட்டாசுச் சரம் மாதிரி கம்பிகள் தெறித்தன. நடுத்தளம் ஒரு கணம் தொங்கியது. பிறகு மடிந்து இறங்கியது. தகடு, குழாய், கம்பிவலை, டன் கணக்கில் சேறு. தரை அதிர்ந்தது. மணலும் சிமெண்டும் எழும்பி எல்லாவற்றையும் மூடிக்கொண்டன.

மாரி அவள் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கூப்பிட்டுப் பதில் வராமல் போனால்? 

புழுதிக்குள்ளிருந்து ஷீலா யாரையோ இழு இழு என்று கத்துவது கேட்டது.  அப்புறம் ஒரு பெண் குரல், கையைப் பிய்த்துவிட்டான் என்று தேவேந்திரனை அவன் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் திட்டியது.

மாரி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மாடிப்படி இறங்கி வந்தவர்களை அவன் விரல் நீட்டி எண்ணினான். ஏழு. கடைசியில் சரோஜா, முழங்கால்வரை காங்கிரீட், வலது கை தோளோடு தொங்கியது. வாசற்படி விளிம்பில் அவள் கையைப் பிடித்துத் தூக்கியவன் தேவேந்திரன்தான். அவனே இப்போது தூணோரம் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஷீலா வந்தாள். தெறித்துக் கிடந்த ஒரு கம்பியைக் குனிந்து எடுத்தாள். யார் செய்தது என்று கேட்டாள்.

தேவேந்திரன் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். மாரி அவனை முந்திக்கொண்டான்.

"சொருகினது அவன். சொல்லிக் குடுத்தது நான். செவப்பா இருந்துது மேடம், தொட்டுப் பாக்கல."

சரோஜா தம்பியைப் பார்த்தாள். பின்பக்கத்து பிளாக்கில் முந்தாநாள் போட்ட தளத்துக்கு அடியிலும் ஜாக்கிதான் நிற்கிறது. அதற்குக் கீழே இப்போது நாலு பெண்கள் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"அங்க?" என்றாள்.

தேவேந்திரன் இல்லை என்று தலையாட்டினான். அம்மாமேல் சத்தியம் என்றான். அப்புறம், ஒன்றிரண்டு இருக்கலாம், ஞாபகமில்லை என்றான்.

மாரி எழுந்தான். தேவேந்திரன் தோளைப் பிடித்துக்கொண்டான். சரோஜா காத்திருக்கவில்லை. தொங்குகிற கையை மறு கையால் தாங்கியபடி பின்பக்க பிளாக்கை நோக்கி நடந்தாள். வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்று, அடங்கிய குரலில், உள்ளே இருந்தவர்களை ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.