வாளிச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டது யார்

வாக்குப்பெட்டியின் முத்திரையை உடைத்தபோது ப்ரூனோ லிகாஸ்த்ரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தொப்பிக்கு அடியில் கைகளை மறைத்துக்கொண்டார். முதுகை மட்டும் நாற்காலியில் சாய்க்கவில்லை. பெட்ரஃபோஸ்காவில் லிகாஸ்த்ரோ வீட்டு ஆண் யாரும் பொது இடத்தில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

பள்ளிக்கூட வகுப்பறை அது. குழந்தைகளுக்கான பெஞ்சுகளில் ஊர்க்காரர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிகளின் மேசைக்குப் பின்னால், கட்சிப் பிரதிநிதிகளின் வரிசையில், அவருடைய மகள் மெலினா. பொதுநீர்க் கட்சியின் வேட்பாளர். சின்னம் வாளி. சட்டையில் குத்தியிருந்த சின்ன வாளியை அவள் விரலால் திருகிக்கொண்டே இருந்தாள். மகன் இலாரியோ பின்சுவரில் சாய்ந்து நின்றான். நகராட்சியின் குப்பை லாரி ஓட்டுகிறவன். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. அவன் மனைவிக்கு இது நிறைமாதம்.

முதல் பெஞ்சில் மீக்கோ. டாக்டர் கார்மெலோ லகானாவின் வலதுகை. டாக்டர் நகராட்சி மன்றத்துக்கு மறுபடியும் நிற்கிறார். அவர் கைகாட்டும் ஆள்தான் எப்போதும் மேயர். மீக்கோவின் இடது உள்ளங்கையில் உப்பில் ஊறிய லூப்பின் பருப்புகள் ஒரு குவியலாக இருந்தன. பார்க்கிறவர்களுக்கு அவன் கொறிக்கிறான் என்று தோன்றும். உள்ளூர்க்காரர்களுக்கு அவன் வரவேண்டிய ஓட்டுக்கு ஒரு பருப்பாக எண்ணுகிறான் என்று தெரியும்.

இந்த ஊரில் சின்னத்தின் மேல் கோடு போடுவதோடு வேலை முடிவதில்லை. விரும்பும் வேட்பாளரின் பெயரையும் சீட்டில் பென்சிலால் எழுத வேண்டும். எண்ணும்போது தலைமை அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் விரித்து, எழுதியிருப்பதை எழுதியபடியே உரக்க வாசிப்பார். ஒளிவுமறைவு கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதை வைத்தே லகானாவின் ஆட்கள் ஊரைக் கைக்குள் வைத்திருந்தார்கள். டாக்டர் தயவில் பிழைக்கிற ஒவ்வொருவருக்கும் அவர் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதச் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்குப் பெயர் முன்னால், இன்னொருவருக்குக் குடும்பப் பெயர் முன்னால், மற்றொருவருக்கு எல்லாம் பெரிய எழுத்தில். வாசிக்கும்போது எது வரவில்லையோ, அந்த ஆள் ஏமாற்றிவிட்டான்.

போன வாரம் மீக்கோ ப்ரூனோவின் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னான்.

“பெரியவரே, நீங்க ‘டாக்டர் லகானா’ன்னு எழுதுங்க. வயசுக்கு மரியாதையா இருக்கும். தம்பி ‘கா. லகானா’ன்னு எழுதட்டும். இந்தப் பூத்துல வேற யாரும் அப்படி எழுத மாட்டாங்க.”

“மறந்துட்டா?” என்றான் இலாரியோ.

“மறந்தா என்ன தம்பி, எனக்குக் காது கேக்கும்ல. குப்பை லாரி ஓட்ட ஊர்ல ஆளா இல்ல?”

அதையெல்லாம் கேட்டுக்கொண்டே மெலினா அடுப்படியிலிருந்து கத்திரிக்காய்த் தட்டோடு வந்தாள். மீக்கோ சிரித்தான்.

“என்ன மெலினா, உங்க கட்சி மாநாடு எங்க? உன் கார்லயா? எல்லாரும் அடங்கிடுவீங்களே!”

“பின்சீட்டு காலியாத்தான் கிடக்கு. வர்றியா?”

“வந்தா எங்க அம்மாவே எனக்குச் சோறு போட மாட்டா” என்று சொல்லிவிட்டு எழுந்தவன், வாசலில் நின்று கேட்டான்: “உங்க ஒலிவ மரமெல்லாம் நல்லாருக்கா, பெரியவரே?”

ப்ரூனோ தட்டைத் தள்ளி வைத்தார். போன தேர்தலுக்குப் பிறகு, அவர்கள் சொன்னபடி எழுதாத ஒருவருடைய தோப்பில் அத்தனை மரத்தையும் இடுப்பளவில் அறுத்துப் போட்டிருந்தார்கள். யார் செய்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

அந்தத் தேர்தலிலேயே வாளிச் சின்னத்தில் நின்ற பெப்பே என்பவருக்கு அவர் சொந்தப் பூத்தில் ஒரு ஓட்டுகூட விழவில்லை. பெண்டாட்டிகூடப் போடவில்லை. இன்றைக்கும் அவரைச் சைபர் பெப்பே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பிள்ளைகளைச் சைபர் பிள்ளைகள் என்கிறார்கள். சின்னக் கட்சிக்குத் தோல்வி பழக்கம்தான். ஆனால் லிகாஸ்த்ரோ என்ற பெயருக்குப் பக்கத்தில், அதே வீடு இருக்கிற பூத்தில், சைபர் என்று வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார ப்ரூனோவால் முடியாது.

மகனிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். “நீ அவங்க சொன்னபடி எழுது. புள்ள பொறக்கப்போவுது. வீராப்பு வேணாம்.”

“நீங்க என்ன எழுதுவீங்க?”

“அது என் விஷயம்.”

மெலினா பக்கத்தில் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை வாக்குச்சாவடித் தடுப்புக்குள் போன ப்ரூனோ வாளியின் மேல் கோடு போட்டு, லிகாஸ்த்ரோ மெலினா என்று அழுத்தி எழுதினார். வெளியே வந்த பிறகுதான் பயம் வந்தது. ‘டாக்டர் லகானா’ என்று ஒரு சீட்டு வராது. அது வராதது யாருடைய துரோகம் என்று மீக்கோவுக்குத் தெரியும். வருகிறது கிழவனோடு போகட்டும், மகன் தலையில் விழாமல் இருந்தால் போதும் என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வாசிக்கத் தொடங்கினார்.

“கார்மெலோ லகானா.” மீக்கோ ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டான். “லகானா கார்மெலோ.” இன்னொன்று. “லகானா டாக்டர்.” இன்னொன்று. குவியல் குறைந்துகொண்டே வந்தது.

“லிகாஸ்த்ரோ மெலினா.”

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. “தனக்குத்தானே போட்டுக்கிட்டா!” என்றார் யாரோ. “பரவால்லயே, சைபர் பெப்பேக்கு அந்த யோசனைகூட வரலயே!” என்றார் இன்னொருவர். மெலினா தலையைக் குனிந்துகொண்டாள். அது தன்னுடைய ஓட்டாகத்தான் இருக்கும் என்று ப்ரூனோ நினைத்தார். அதைச் சொல்லிச் சிரிப்பவர்களின் வாயை அடைக்கத் துடித்தார். தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சீட்டை விரித்து அதிகாரி வாசித்தார்.

“டாக்டர் லகானா.”

ப்ரூனோ தலையை நிமிர்த்தினார். மீக்கோ திரும்பிப் பார்த்து, கண்ணைச் சிமிட்டி, பருப்பை வாயில் போட்டான். தான் எழுதாததை எழுதியது யார்? தனக்குக் கொடுத்த அந்த இரண்டு சொல் அந்தச் சாப்பாட்டு மேசையைத் தாண்டி எங்கும் போகவில்லை. அவர் மகளைப் பார்த்தார். அவள் அவர் கண்ணைப் பார்க்க மறுத்தாள். சட்டையில் இருந்த வாளி அவள் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

புரிந்துவிட்டது. அப்பா யாருக்குப் போடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவரைக் காப்பாற்ற, வேட்பாளரே எதிரியின் பெயரைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். தனக்குத் தானே போட்டுக்கொண்டாள் என்று ஊர் சிரிப்பதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பெட்டி காலியாகிக்கொண்டு வந்தது. ‘கா. லகானா’ இன்னும் வரவில்லை. ப்ரூனோ பின்னால் திரும்பினார். இலாரியோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“லிகாஸ்த்ரோ மெலினா” என்று வாசித்தார் அதிகாரி.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாருடையது என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். கடைசிச் சீட்டும் வந்து போனது. மீக்கோவின் உள்ளங்கையில் ஒரே ஒரு பருப்பு மிஞ்சியிருந்தது.

அவன் எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நிதானமாக நடந்து, பின்சுவர்ப் பக்கம் போனான்.

“தம்பி, இது யாருதுன்னு தெரியுதா?” உள்ளங்கையை இலாரியோவிடம் நீட்டினான். “அப்பா வார்த்தையக் காப்பாத்திட்டாரு. உனக்குத்தான் மறந்துபோச்சு போல.”

இலாரியோ வாயைத் திறந்தான்.

“நீ பேசாத” என்றார் ப்ரூனோ. எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் இருந்த தொப்பி நடுங்கியது. இப்போது எல்லாரும் பார்த்தார்கள். “மீக்கோ, தப்பு என்னுது. எது எனக்கு, எது அவனுக்குன்னு குழம்பிட்டேன். ‘டாக்டர் லகானா’ உனக்குடான்னு அவன்கிட்டச் சொல்லி அனுப்பினேன். அவன் சொன்னபடி எழுதிட்டான். நீ கேட்டியே. வராத ‘கா. லகானா’ என்னுது.”

“ஓ. அப்ப நீங்க என்ன எழுதினீங்க?”

“என் மக பேர.”

அறையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அந்த ஊரில் அப்படி ஒன்றை வாய்விட்டுச் சொன்னவர் யாரும் இல்லை.

“ரெண்டு இருக்கே, பெரியவரே?”

“வேட்பாளருக்கும் ஓட்டு உண்டுல்ல. இப்பதான எல்லாரும் சிரிச்சீங்க.”

மெலினா எழுந்து நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அப்பாவின் பார்வையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். மீக்கோ கிழவரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் தானாக ஒப்புக்கொண்டவரை விட்டுவிட்டு இன்னொருவனைப் பிடிக்க அவனுக்கு வழியில்லை.

“ஒலிவ மரமெல்லாம்...” என்று தொடங்கினான்.

“இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்கு.”

ப்ரூனோ கையை நீட்டி, அவன் உள்ளங்கையில் இருந்த அந்தப் பருப்பை எடுத்தார். தோலைக்கூட உரிக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். தொப்பியை நேராக வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். இலாரியோ தோளைப் பிடிக்க வந்தபோது, “தொடாத, எல்லாரும் பாக்குறாங்க” என்றார்.

வெளியே சதுக்கத்தில் வெயில் இன்னும் இருந்தது. தெரிந்தவர்கள் காப்பிக்கடை வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்தார்கள். எதிரே தெரிந்த மலைச்சரிவில் அவருடைய ஒலிவத் தோப்பு வெள்ளிப் பச்சையாகக் கிடந்தது. ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பருப்பு அப்படியே நாக்கின் மேல் இருந்தது. விழுங்க முடியவில்லை.