எட்டுச் சுட்ட கோழி

சுனாமியில் கடல் வந்துபோய் இரண்டு வருடம் நெருங்கியும் பரீனா தகரக் கொட்டிலில்தான் குடியிருந்தாள். கல்முனைக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கட்டிய வீடுகள் சுண்ணாம்பு மணம் மாறாமல் வரிசையாக நின்றன. முதல் இருபது வீட்டுக்குச் சாவி கொடுக்கும் நாள் அது. பரீனாவின் பெயர் மூன்றாம் பட்டியலில் இருந்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது சாவி அல்ல, விருந்தாளிகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கும் வேலை. முகாமின் பொதுக் குசினியில் சமைப்பவள் அவள்தானே.

பதினொரு மணிக்கு முப்பது கோழி வான் வண்டியில் வந்து இறங்கின. டவுன் ஹோட்டலில் கண்ணாடிப் பெட்டிக்குள், கம்பியில் சுழலவிட்டுச் சுட்ட கோழிகள். மணத்துக்கு முகாம் பிள்ளைகள் பந்தலைச் சுற்றி நின்றார்கள். நிறுவனத்து அலுவலர் நஸீம் அவர்களை விரட்டிக்கொண்டே இருந்தான். நஸீம் வேறு யாருமில்லை, பக்கத்துத் தெரு மீராசாவின் மகன்தான். கழுத்தில் அட்டை தொங்கிய நாளிலிருந்து அவனுக்கு நடையே மாறியிருந்தது.

சாவி கொடுக்கக் கொழும்பிலிருந்து வரவேண்டிய நிறுவனத்துப் பெரியவர் வரவில்லை. அம்பாறை ரோட்டில் வாகனங்களை மறித்துச் செக் பண்ணுகிறார்கள், எத்தனை மணியாகும் என்று தெரியாது என்று போன் வந்தது. வந்திருந்த விருந்தாளிகளுக்குப் பசி பொறுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். எட்டுக் கோழி போயிற்று. மிச்சம் இருபத்திரண்டு. பதினாலு பந்தல் மேசையில், எட்டு குசினியில், தாச்சிச் சட்டியில்.

பரீனா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நஸீமிடம் போனாள்.

“தம்பி, சனத்துக்குக் குடுத்திடுவம். சூடு இருக்கக்குள்ளயே திங்கட்டும்.”

“ஏலா ராத்தா. பெரியவர் வந்து அவர்ர கையாலதான் குடுக்கணும். போட்டோ எடுக்கணும்.”

“அப்ப இறைச்சியைப் பிச்சி ஐஸ்ல வெச்சிருவமா? இந்த வெக்கையில மேசையில கிடந்தா பின்னேரம் தின்னேலாது.”

“பிச்ச கோழியைக் குடுக்கிற மாதிரிப் போட்டோ எடுக்கேலுமா? முழுசா இருக்கணும். நீங்க உங்கட வேலையைப் பாருங்க.”

அவளுக்குக் காது சூடேறியது. கூடார நாட்களில், காலையில் ஆக்கிச் சுடச்சுடக் கட்டிய சோற்றுப் பார்சல்களை லொறியில் ஏற்றி, பொழுதுபடும் நேரம் கொண்டுவந்து நீட்டினார்கள். பிரித்தால் நூல் பிடித்திருக்கும். அதைத் தின்ற அவள் மகள் அம்ஹாவுக்கு ஆஸ்பத்திரியில் நாலு நாள் சேலைன் ஏறியது. கடல் விட்டுவைத்த ஒரே பிள்ளை அவள். அந்த நாலு நாளும் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போட்டோக் கதை எப்படி ஏறும்?

அவள் குசினிக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். தாச்சியிலிருந்த எட்டுக் கோழியையும் பலகையில் வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை. ஆறாத கோழியில்தான் இறைச்சி எலும்பை விட்டு இலேசாகக் கழன்று வரும். காலைத் திருகினாள், நெஞ்சைப் பிரித்தாள், முதுகில் ஒட்டியிருந்ததை நகத்தால் வழித்தாள். தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். எலும்பை அப்படியே பெரிய பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். இறைச்சியைக் குவித்து வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும் என்று அகலமான தட்டுகளில் பரப்பி விசிறினாள்.

பிறகு அம்ஹாவை அனுப்பிப் புருசனைக் கூப்பிட்டாள். றவூப் சைக்கிளில் மீன் விற்பவன். காலை மீன் முடிந்து, பெட்டியில் அரைப் பாளம் ஐஸ் மிஞ்சியிருந்தது. விசயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது.

“புள்ள, அவன்ர கையிலதான் எங்கட வீடு கிடக்கு. என்னத்துக்கு இந்த வேலை?”

“வீட்டுக்காகப் புள்ளைகளுக்கு நஞ்சு குடுக்கவா? பெட்டியைக் கொதிதண்ணி ஊத்திக் கழுவுங்க. மீன் வாசம் இருக்கக்கூடாது.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே கழுவினான். ஆறிய இறைச்சியையும் தோலையும் மூடி இறுக்கமான இரண்டு சட்டியில் அடைத்து, ஐஸை உடைத்து நாலு பக்கமும் போட்டு, மேலே சாக்கை நனைத்து மூடினார்கள்.

பெரியவர் நாலு மணிக்கு வந்தார். இருபது சாவி கொடுத்தார், இருபது நிமிடம் பேசினார். இருட்டுவதற்குள் ரோட்டைக் கடக்கவேண்டும் என்று, மேசைப் பக்கம் திரும்பியும் பாராமல் வாகனம் ஏறிப் போய்விட்டார். பதினாலு கோழியும் பகல் முழுக்க வலைத் துணிக்குக் கீழே கிடந்தபடியே கிடந்தன.

அப்போதுதான் நஸீமுக்குச் சனத்தின் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு குடும்பத்தைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினான். போட்டோக்காரனையும் நிறுத்தினான். மேசையை எண்ணிப் பார்த்துவிட்டுக் குசினிப் பக்கம் ஓடினான். திரும்பி வந்தவன் எல்லாரும் கேட்கக் கத்தினான்.

“எட்டுக் கோழியக் காணல்ல! ஆர் களவெடுத்த?”

“நான்தான் எடுத்த” என்றாள் பரீனா. “களவெடுக்கல்ல. ஐஸ்ல இருக்கு, வந்து பார்.”

“கேக்காம எடுத்தா களவுதான். நிறுவனத்துப் பொருள் அது. உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் இதுதான் புத்தி!”

வரிசையில் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பரீனா வரிசையையும் நஸீமையும் மாறிமாறிப் பார்த்தாள். ‘உங்களுக்கெல்லாம்’ என்கிறானே! இவன் வாப்பா கடலுக்குள் இழுபட்டபோது தென்னையில் கட்டிக் காப்பாற்றியது இந்த வரிசையில் நிற்கும் கச்சிமுகம்மது. அவர் இப்போது வெறும் பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

அவள் நேரே மேசைக்குப் போனாள். வலைத் துணியை விலக்கி ஒரு கோழியின் தொடையைத் திருகினாள். உள்ளே வழுவழுவென்று, புளித்த வாடையோடு இருந்தது. அதை நஸீமின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பன்ரெண்டு மணிக்குக் கேட்டன். அப்ப இது சாப்பாடு. இப்ப இது வருத்தம், வயித்துநோவு. இந்தா, நீ தின்னு பாப்பம். நீ தின்னா நாங்க எல்லாரும் திங்கிறம்.”

“ராத்தா, மரியாதையாக் கதைங்க.”

“மரியாதை என்னெண்டு எனக்குத் தெரியும். கெட்டதைக் குடுத்துட்டுப் படம் புடிக்கிறது மரியாதை இல்ல. தின்னு!”

நஸீம் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் போனான். கச்சிமுகம்மது தன் பீங்கானைக் கவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும். எல்லாரும் இல்லை. மூன்று வீட்டார் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். பசியா, வீடு கைநழுவிவிடும் என்ற பயமா, பரீனா கேட்கவில்லை. அவர்கள் பின்னால் போய், பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று கெஞ்சினாள். ஒரு வீட்டில்தான் கேட்டார்கள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு எலும்பு வெந்த ஆணத்தில் அரிசி போட்டுக் கஞ்சி வைத்துக் கொட்டில் கொட்டிலாக ஊற்றினாள். மறுநாள் விடிந்ததும் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். ஐஸ் பாதி கிடந்தது. இறைச்சி கல்லுப்போலக் குளிர்ந்து, நல்ல மணத்தோடு இருந்தது. வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, இறைச்சியைக் கொட்டி, ஆவி பறக்கும்வரை கிளறி இறக்கினாள். தோலைத் தனியாக மொறுகப் பொரித்தாள். ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். எட்டுக் கோழி, நாற்பத்தொரு பிள்ளை.

அந்த நேரம் கோழி வாங்கிப்போன மற்ற இரண்டு வீட்டிலும் வயிற்றோட்டம். ஒரு பிள்ளையைத் திரிவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிறுவனத்திலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. பரீனாவுக்குத்தான் கடிதம் வந்தது. அனுமதியின்றி உணவுப் பொருளை அகற்றியமைக்கு எழுத்தில் விளக்கம் தரவேண்டும், அதுவரை குசினி வேலைக்கு வரவேண்டாம் என்று.

“மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் குடு புள்ள” என்றான் றவூப். “ஒரு கையெழுத்துத்தானே.”

“ஆஸ்பத்திரியில கிடக்கிற புள்ளையிட்ட அவன் வந்து முதல்ல கேக்கட்டும்.”

அம்ஹாவைக் கொப்பியோடு உட்காரவைத்துத் தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தாள். கோழி வந்த நேரம், தான் போய்க் கேட்ட நேரம், நஸீம் சொன்ன பதில், மேசையில் எத்தனை மணித்தியாலம் கிடந்தது, எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது. மன்னிப்பு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அம்ஹா எழுத்துப் பிழை விட்ட இடங்களைத் திருத்தி இன்னொரு தரம் எழுதச் சொன்னாள். நிறுவன அலுவலகத்துக்கு நடந்தே போய், மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் வாங்கி வந்தாள்.

பதில் வரவேயில்லை. குசினி வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. மூன்றாம் பட்டியலுக்குச் சாவி மார்கழியில் கொடுப்பதாகச் சொல்லிச் சித்திரையில்தான் கொடுத்தார்கள், பரீனாவுக்கும். அதற்குள் நஸீமை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள், பதவி உயர்வோடு. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று பரீனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தி நிறுத்திவிட்டு, “வீடு எங்கட உரிமை, அவன்ர வாப்பாட சொத்தில்ல” என்றாள். றவூப் ஐஸ் வாங்கச் சைக்கிளை எடுத்தான்.