விசில் பல்

என் வீட்டுக்காரர் அரங்கசாமிக்கு, யார் மனமும் நோகும்படி ஒரு வார்த்தை சொல்ல வராது. முப்பத்திரண்டு வருடம் பொள்ளாச்சியில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தார். ‘இங்க நிக்காதுங்க’ என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. யார் கை நீட்டினாலும் எந்தத் தோப்பு முன்னாலும் பஸ் நிற்கும். நிறுத்தவும் கிளப்பவும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். அது அடுத்த ஊருக்கே கேட்கும்.

ஓய்வு பெற்றதும் அந்த விசிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மனுஷன் சுருங்கிவிட்டார். போன வருடம் எங்கள் ஊரில் வள்ளி கும்மி கற்றுத்தர நஞ்சுண்டன் ஆசிரியர் வந்தார். அவர் பாட, ஜமாப் மேளம் அதிர, எங்களையும் சேர்த்து எண்பது பேர் வட்டமாக ஆட வேண்டும். ஆட்டம் மாறும் இடத்தில் அவர் ஊதிய பிளாஸ்டிக் விசில் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பாதிப் பேர் வலப்பக்கமும் மீதிப் பேர் இடப்பக்கமும் திரும்பி முட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் இவர் விரலை வாயில் வைத்தார். எண்பது பேரும் ஒன்றாகத் திரும்பினோம். அன்று இவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறுபத்தொன்பது வயதில் மனுஷனுக்கு வேலை கிடைத்துவிட்டது!

தை மாதம் அரங்கேற்றம் என்று நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பழத்தில் ரத்தம்.

“அது செவப்புக் கொய்யா, அம்மணி.”

“உள்ள வெள்ளையா இருக்கற செவப்புக் கொய்யாவா? வாயத் தெறங்க.”

திறந்தார். ஈறெல்லாம் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. கீழ் முன்பல் ஒன்று என் விரல் பட்டதும் ஆடியது. அந்தப் பல் போனால் விசில் போகும். விசில் போனால் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த பஸ்ஸிலேயே இழுத்துக்கொண்டு போனேன்.

பல் டாக்டர் மோகனப்பிரியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சின்னக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்.

“இது வலிக்குதுங்களா, ஐயா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“இது கூசுதுங்களா?”

“நீங்க தட்டுனா கூசுமாங்க, கண்ணு?”

டாக்டர் கேள்வியை மாற்றிப் பார்த்தார். “சரி, இந்தப் பல்லாலதான் தொந்தரவுங்களா?”

“ஆமாங்க.”

“இல்ல, இதுங்களா?”

“ஆமாங்க, ஆமாங்க.”

இருபத்தெட்டுப் பல்லுக்கும் ஆமாம் போட்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் நாலு பேர் முன்னால் இவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. “இப்ப தட்டுங்க டாக்டரு” என்றேன்.

வாய் பொய் சொன்னது. கை சொல்லவில்லை. வலிக்கும் இடத்தில் என் விரல்களை நெரித்தார். “இதுங்க,” என்றேன். “இதுவுமுங்க.” டாக்டர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

“பல்லு இன்னும் கெட்டியாத்தான் இருக்குதுங்க. ஈறுதான் எறங்கிப்போச்சு. தென்னைக்கு அடிமண்ணு கரைஞ்சா மரம் ஆடுமில்லீங்களா, அந்த மாதிரி. எதுல வெளக்கறீங்க?”

“உமிக்கரி, கல்லு உப்பு,” என்று நான் முந்திக்கொண்டேன். “அதுக்கு மேல, பாத்திரம் தேய்க்கற மாதிரி ஒரு பிரஷ்ஷு.”

கரியும் உப்பும் அன்றோடு போயின. மெத்தென்ற பிரஷ், காலையும் ராத்திரியும் மெதுவாக. மூன்று நாள் போய் ஈறுக்கு அடியில் கல்லாய்ப் படிந்த காரையையெல்லாம் சுரண்டி எடுத்தோம். ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார்கள். மூன்று நாளும் என் கை சிவந்து வீங்கியது. அதைப்பற்றி எனக்குப் புகார் இல்லை.

கடைசி நாள் டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார். “ரெண்டு மாசத்துக்கு வாயில விரல் வெச்சு விசில் அடிக்கக் கூடாதுங்க. அழுத்துனா பல்லு கையோட வந்துரும். ஆகட்டுங்களா?”

“ஆகட்டுங்க.”

சாயந்திரம் நஞ்சுண்டன் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். “அரங்கேத்தத்துக்கு உங்க விசில நம்பித்தான் இருக்கறனுங்க. அடிச்சுப்போடுவீங்களா?”

“ஆகட்டுங்க.”

இரண்டு ‘ஆகட்டுங்க’வும் எப்படி ஆகும்? கேட்டேன். “ரெண்டு பேருமே நல்லவங்க, அம்மணி” என்றார். அடிக்கலாம் போலிருந்தது.

அரங்கேற்றத்தன்று கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. எண்பது பேரும் கிளிப்பச்சையில் நின்றோம். இவர் எனக்கு வலப்பக்கம். முன் வரிசையில் பார்த்தால், டாக்டர் மோகனப்பிரியா! அவருடைய மாமியாரும் ஆட வந்திருக்கிறாராம். இவர் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். ஆசிரியரைப் பார்த்தும் கும்பிட்டார்.

பாட்டு ஏறியது. ஜமாப் காதைப் பிளந்தது. ஆட்டம் மாறும் இடம் வந்தது. எண்பது பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு விசிலுக்குக் காத்திருந்தோம். இவர் வலது கை விரல்களை வாய்வரை கொண்டுபோய் உதட்டில் அழுத்தினார். இடது கை என் கையைத் தேடிப் பிடித்து நெரித்தது.

அந்தக் கை எனக்குப் பொய் சொல்லாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் எங்கள் சோளக்காட்டில் மயில் விரட்டியவள் நான். இரண்டு விரலை வாயில் வைத்தால் மூன்று காடு தாண்டி மயில் பறக்கும். ‘விசிலடிக்கற புள்ளய எவங் கட்டுவான்’ என்று என் அம்மா கையில் அடித்துச் சத்தியம் வாங்கியதில் மறைத்துவைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டவரோ விசிலடித்தே சம்பளம் வாங்குகிறவர். அவர் பெருமையில் பங்கு கேட்பானேன் என்று நாற்பத்தொரு வருடம் மூச்சு விடவில்லை.

விரலை வைத்தேன். அடித்தேன்.

எழுபத்தொன்பது பேர் ஒன்றாகத் திரும்பினோம். திரும்பாதவர் ஒருவர்தான். வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், கட்டிய கம்பி வெயிலில் மின்ன.

“ஆடுங்க மாமா!” என்று கத்தினேன். ஆடினார். குதித்துக் குதித்து ஆடினார். பதினான்கு இடத்தில் ஆட்டம் மாறியது. பதினான்கு தடவையும் நான் அடிப்பதற்கு முன்னால், விரலை நீட்டி “இப்ப!” என்று கத்தினார். கண்டக்டர் அவர்தான். நான் வெறும் விசில்.

மறு வாரம் கம்பியைக் காட்டப் போனோம். டாக்டர் அவரைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “விசில் நல்லா இருந்துச்சுங்கம்மா. நீங்களும் ஒருக்கா உக்காருங்க, ஈறு எப்படி இருக்குதுன்னு பாத்துரலாம்.”

எனக்கு ஒன்றும் இல்லை என்று வீறாப்பாக உட்கார்ந்தேன். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி உள்ளே போனது. கடைவாய்ப் பக்கம் ஓரிடத்தில் ஊசி பட்டதும் உயிரே போயிற்று.

“வலிக்குதுங்களாம்மா?”

அந்த டாக்டர் பிள்ளை முகத்தைப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

“இல்லீங்க டாக்டரு!” என்று பக்கத்திலிருந்து ஒரு சத்தம். நாற்பத்தொரு வருடத்தில் அவர் ஒருவரை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. “பொய்யுங்க. என்ற கைய முறிச்சுப்போட்டாளுங்க.”